எங்க லாரி புகை டெஸ்ட் நோட்டு

காரைக்குடில எங்க வீட்டுக்கு எதுத்தாப்ல ஒரு பழைய செட்டியார் வீடு. தெருவுல பாதி வீடு பூட்டிக் கெடக்கு, அதுல ஆள் இருக்குற ஒண்ணு ரெண்டு வீட்டுல இதுவும் ஒண்ணு. அங்க இருக்குற ஆச்சிக்கு எம்பது தாண்டிருச்சு. ஒரு வருஷத்துக்கு முன்னாடி மார்கழில ஒரு நாள் காலைல கோலம் போட்டுட்டு இருந்த என்னைக் கூப்ட்டு, கையப் புடிச்சு அவுக வாசல் சொவரு கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. சுண்ணாம்பும் முட்டை வெள்ளக்கருவும் போட்டுப் பூசுன சொவரு, இன்னைக்கும் கைய வச்சா வழுவழுன்னு சில்லுன்னு இருக்கும். ஒரு வெள்ளத் துணிய நனச்சு சொவத்துல ஒரு தேய் தேய்ச்சு என் கைல குடுத்தாங்க. துணில மை மாதிரி கரி.

"ஆத்தா, இது அடுப்புக் கரி இல்ல, ஒங்க வண்டிக் கரி. காலைல அஞ்சு மணிக்கு அந்தப் பழைய வண்டிய ஒறும விடுறாகள்ல, அப்ப வர்றது. நான் மூச்சு விடுறதும் இதத்தான்." அவ்ளோதான் சொன்னாங்க, கோவமாக்கூட சொல்லல. எனக்குத்தான் அன்னைக்கு முழுக்க சோறு எறங்கல.

எங்கப்பாகிட்ட மூணு வண்டி இருக்கு. 2012 மாடல் டிப்பர் ஒண்ணு, 2018 மாடல் டிப்பர் ஒண்ணு, 2021ல லோன் போட்டு எடுத்த பன்னெண்டு வீலு ஒண்ணு. திருமயம் பக்கம் கிரஷர்ல ஜல்லி, எம்சாண்ட் ஏத்தி காரைக்குடி, தேவகோட்டை, சில நேரம் திருவாடானை வரைக்கும் அடிப்போம். வண்டி பேப்பர் எல்லாம் நாந்தான் பாக்குறேன், எஃப்சி, இன்சூரன்ஸ், ரோடு டாக்ஸ், பர்மிட், புகை சர்டிபிகேட் எல்லாம். ஆனா உண்மையச் சொல்லணும், அந்த மார்கழி வரைக்கும் புகை சர்டிபிகேட்ட நான் ஒரு பேப்பராத்தான் பாத்துட்டு இருந்தேன். தேதி முடிஞ்சா வாங்கணும், அதுக்கு மேல அதுல என்ன நம்பர் போட்ருக்குன்னு ஒரு தடவகூட படிச்சதில்ல. முன்னாடி வாங்குன எடத்துல வண்டிகூடப் போக வேணாம், நம்பர் சொன்னா போதும், சாயங்காலம் பேப்பர் வந்துரும்.

அந்த வாரமே பழைய டிப்பர நானே டிரைவர் அண்ணங்கூட ஏறி புகை டெஸ்ட்டுக்குக் கொண்டு போனேன். எந்த சென்டர்னு சொல்ல வேணாம், நம்ம ஊர்ப் பக்கந்தான்.

இந்த டெஸ்ட் எப்படி எடுக்கணும்னு நிறைய ஓனருக்கே தெரியாது, அதனால கொஞ்சம் வெவரமா சொல்றேன். டீசல் வண்டிக்கு எடுக்குறது ஃப்ரீ ஆக்சிலரேஷன் டெஸ்ட். வண்டி நியூட்ரல்ல நிக்கணும், இன்ஜின் நல்லா சூடேறி இருக்கணும், ஆயில் 60 டிகிரிக்கு மேல. மொதல்ல ரெண்டு மூணு தடவ ரேஸ் பண்ணி சைலன்சர்ல தங்கியிருக்குற பழைய கரியத் தள்ளிடணும். அப்புறம் ப்ரோப்ப, அதாவது புகைய மெஷினுக்கு இழுக்குற குழாய, சைலன்சர் குழாய்க்குள்ள நல்லா உள்ள விட்டு, ஆக்சிலேட்டர டக்குனு ஒரே மூச்சுல அடி வரைக்கும் அமுக்கி, ஆர்பிஎம் உச்சத்துக்குப் போனதும் விட்டு ஐட்லுக்குக் கொண்டு வரணும், இதே மாதிரி திரும்பத் திரும்ப. மெஷினுக்குள்ள 43 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு குழாய் கணக்கு, ஒரு பக்கம் லைட்டு, இன்னொரு பக்கம் அதப் புடிக்கிற கண்ணு. நடுவுல புகை போகும்போது எவ்ளோ வெளிச்சத்த மறைக்குதுங்குறதுதான் அளவு. அதுல இருந்து கணக்குப் போட்டு வர்றதுதான் கே வேல்யூ, அது ஏற ஏற புகை அடர்த்தின்னு அர்த்தம். பிஎஸ்ங்குறது பாரத் ஸ்டேஜ், வண்டிப் புகைக்கு அரசாங்கம் வச்சிருக்குற வரம்பு, நம்பர் ஏற ஏற கெடுபிடி ஜாஸ்தி. பிஎஸ்-4க்கு முந்துன வண்டிக்கு கே 2.45 தாண்டக்கூடாது, அதாவது நூறு பங்கு வெளிச்சத்துல 65 பங்கு வரைக்கும் மறைச்சா பாஸ். பிஎஸ்-4 வண்டிக்கு 1.62, நூத்துக்கு 50.

எங்க 2012 வண்டி பிஎஸ்-3. அந்தப் பையன் ஆரம்பிக்கும்போதே ஆக்சிலேட்டர பாதி வரைக்கும் மெதுவா மெதுவா அமுக்கச் சொன்னான், ப்ரோப்ப குழாய் வாயில சும்மா தொட்டாப்ல வச்சிருந்தான். நான் எறங்கிப் போய், "தம்பி, இப்படி இல்ல, முழுசா உள்ள விடு. அண்ணே, நீங்க முழுசா அமுக்குங்க"ன்னேன். ரெண்டு பேரும் என்ன ஒரு மாதிரி பாத்தாங்க. "அக்கா, அப்படி எடுத்தா ஃபெயில் ஆயிரும்க்கா"ன்னான். ஆகட்டும், நான் அதத் தெரிஞ்சுக்கத்தான வந்தேன்.

நாலு ரீடிங் 3.18, 3.05, 3.22, 3.11. சராசரி 3.14. ரேஸ் பண்ணும்போது சைலன்சர்ல இருந்து வந்தத கண்ணால பாத்தேன், அது புகை மாதிரியே இல்ல, கருப்புத் துணிய யாரோ உள்ள இருந்து உருவி எடுக்குற மாதிரி வந்துச்சு. நூறு பங்கு வெளிச்சத்துல 74 பங்கு காணாமப் போகுதுன்னு அர்த்தம். அதத்தான் ஆச்சி தெனமும் காலைல அஞ்சு மணிக்கு மூச்சுல இழுத்துருக்காங்க, எங்க அப்பத்தாவும் இழுத்துருக்கு, நாங்களும். டீசல் புகை கேன்சர் வரவைக்கும்னு உலக சுகாதார அமைப்போட கேன்சர் ஆராய்ச்சிப் பிரிவு 2012லயே உறுதியா அறிவிச்சுட்டாங்க, எங்க டிப்பர் பொறந்த அதே வருஷம்.

"அக்கா, வேணும்னா இன்னொரு தடவ அரை ஆக்சிலேட்டர்ல எடுத்து ஓகே பண்ணித் தர்றேன்"னு கேட்டான். பாவம், அவன் கெட்டவன் இல்ல, வர்ற எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க. வேணாம், ரிஜெக்ஷன் ஸ்லிப் குடுன்னு சொன்னேன். 2021ல நாடு முழுக்க ஒரே மாதிரி சர்டிபிகேட், க்யூஆர் கோடு எல்லாம் கொண்டு வந்தப்பதான் ஃபெயில் ஆன வண்டிக்கு ரிஜெக்ஷன் ஸ்லிப்புங்குறதும் வந்துச்சு. அந்த ஸ்லிப் கேவலம்னு நெனைக்காதீங்க. ஆஸ்பத்திரில ரத்தம் டெஸ்ட் எடுத்துட்டு சுகர் ஜாஸ்தின்னு வந்தா, ரிப்போர்ட்ட மாத்திக் குடுன்னு யாராச்சும் கேப்பமா?

அந்த ஸ்லிப்ப எடுத்துட்டு நேரா மெக்கானிக் அண்ணன் பட்டறைக்குப் போனோம். கருப்புப் புகைன்னா டீசல் ஜாஸ்தி, காத்து கம்மி, அவ்ளோதான் விஷயம். ஏர் ஃபில்டர கழட்டுனாரு, கிரஷர் தூசி உள்ள சிமெண்ட் பூசுன மாதிரி அப்பிக் கெடக்கு, தட்டுனா ஒரு மரக்கா மண்ணு விழும்போல. டீசல் தெளிக்கிற நாசில் நாலையும் கழட்டி டெஸ்டர்ல மாட்டிப் பாத்தா ரெண்டு நாசில் ஸ்ப்ரே ஆகாம சொட்டுச் சொட்டா ஊத்துது. மூணாவதுதான் முக்கியம், டீசல் பம்ப்புல அளவ யாரும் மாத்தக்கூடாதுன்னு வைக்கிற சீல் ஒடைஞ்சிருந்துச்சு. அண்ணன் என்னப் பாக்காம அப்பாவப் பாத்தாரு. அப்பா கொஞ்ச நேரம் பேசல. நாலு வருஷம் முன்னாடி ஓவர் லோடு இழுக்கணும்னு எங்கயோ டீசல் ஜாஸ்தியாப் போற மாதிரி பம்ப்ப ஏத்தி வச்சிருக்காங்க, அப்பாவுக்குத் தெரிஞ்சேதான். லோடு ஏத்தி அடிக்கிறவங்களுக்கு இது புதுசு இல்ல, வண்டி மேடு ஏறலன்னா மொத பேச்சே "பம்ப்ப கொஞ்சம் ஏத்தி விடுங்கண்ணே"ங்குறதுதான். ஏத்துன டீசல் பூரா பவரா மாறுறதில்ல, மிச்சம் கரியா சைலன்சர் வழியா ஆச்சி சொவத்துலதான் போய் ஒட்டுது.

ஃபில்டர் புதுசு, நாசில் சர்வீஸ், பம்ப் காலிப்ரேஷன் பண்ணி சீல் வச்சு எல்லாம் சேத்து 11,000 சொச்சம் ஆச்சு. மறுபடி டெஸ்ட், முழு ஆக்சிலேட்டர்லதான், 1.38 வந்துச்சு. மைலேஜ் லிட்டருக்கு 3.1 குடுத்துட்டு இருந்த வண்டி 3.6 குடுக்குது. மாசம் 3,500 கிலோமீட்டர் ஓடுற வண்டிக்கு அது கிட்டத்தட்ட 157 லிட்டர் மிச்சம், லிட்டர் 92 ரூபான்னு போட்டாலும் 14,000 தாண்டுது. செலவழிச்ச காசு ஒரே மாசத்துல வந்துருச்சு. அப்பா அந்தக் கணக்க நோட்டுல பாத்துட்டு, "இத மொதல்லயே செஞ்சிருக்கணும் பாப்பா"ன்னாரு.

2018 வண்டி பெருசா தொந்தரவு குடுக்கல, 0.84 வந்துச்சு, லிமிட் 1.62, அத விட்ருவோம்.

இப்ப பிஎஸ்-6 வண்டி கதைக்கு வர்றேன், எனக்கு ரொம்பக் கவலை இதுலதான். 2020 ஏப்ரல் 1ல இருந்து நாடு முழுக்க பிஎஸ்-6 வண்டி மட்டுந்தான் விக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 2018லயே சொல்லிருச்சு. டீசல்ல கந்தகம் 50 பிபிஎம்ல (பத்து லட்சத்துல 50 பங்கு) இருந்து 10க்கு எறங்குச்சு, வண்டில கரியப் புடிச்சு வைக்கிற ஃபில்டர், அதாவது டிபிஎஃப் வந்துச்சு, யூரியா டேங்க் வந்துச்சு. இந்த நார்ம்ஸ்க்கு டெஸ்ட் பண்றது நம்ம ரோட்டோர சென்டர்ல இல்ல. புனேல ஏஆர்ஏஐ, மானேசர்ல ஐகேட், நம்ம ஒரகடத்துல ஜிஏஆர்சி மாதிரி பெரிய வண்டி டெஸ்ட் லேப்ல இன்ஜின மட்டும் டைனமோமீட்டர்ங்குற டெஸ்ட் மெஷின்ல ஏத்தி, ரோட்டுல ஓடுற மாதிரியே ஏத்தி எறக்கி 1,800 செகண்ட், அதாவது அரை மணி நேரம் ஓட்டி அளக்குறாங்க. பெரிய வண்டி இன்ஜினுக்கு பிஎஸ்-4ல நாக்ஸ் இன்ஜின் செய்யுற ஒரு கிலோவாட்-ஹவர் வேலைக்கு 3.5 கிராம் வரைக்கும் விட்ருந்தாங்க, பிஎஸ்-6ல அந்த அரை மணி நேர டெஸ்ட்ல 0.46 கிராம்தான். எவ்ளோ பெரிய எறக்கம் பாருங்க. நாக்ஸ்ங்குறது நைட்ரஜன் ஆக்சைடு. நம்ம ஊர் வெயில்ல அது மத்த வாயுவோட சேந்து தரை மட்டத்துல ஓசோன் ஆகும், நெஞ்ச அறுக்கும், ஆஸ்துமாக்காரங்களுக்கு ரொம்ப மோசம்.

எங்க பன்னெண்டு வீலு சைலன்சர் குழாய்க்குள்ள வெரல விட்டுத் தேய்ச்சுப் பாருங்க, நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடியும் வெரல்ல கரி ஒட்டாது. டிபிஎஃப் நல்லா இருக்குங்குறதுக்கு அதுதான் ஈசியான அடையாளம். புகை டெஸ்ட்ல 0.03 வந்துச்சு.

ஆனா அந்த 0.03 நாக்ஸப் பத்தி ஒண்ணுமே சொல்லாது! அந்த மெஷின் வெளிச்சத்த மறைக்கிறத மட்டுந்தான் அளக்கும், நாக்ஸ் அந்த மாதிரி புகையா கண்ணுக்குத் தெரியாது. நாக்ஸக் கொறைக்கிறது யூரியாதான், ஆட்ப்ளூன்னு சொல்றமே அது. சூடான புகைல அதத் தெளிச்சா அமோனியாவா மாறும், அது சைலன்சர் பக்கம் இருக்குற கேட்டலிஸ்ட்ல (வினையூக்கி) நாக்ஸோட சேந்து வெறும் நைட்ரஜனும் தண்ணியுமா போயிரும். யூரியாவ நிறுத்திட்டா நாக்ஸ் அப்படியே வெளிய வரும், புகை டெஸ்ட் அப்பவும் 0.03 தான் காட்டும்.

இந்தத் தை மாசம் அந்த வண்டில செக் லைட் வந்து பவர் கட் ஆச்சு. யூரியா சிஸ்டத்துல கோளாறுன்னா வண்டியே தன்னால இழுவையக் கொறைச்சுக்கும், கண்டுக்காம ஓட்டுனா கடைசில ஸ்பீடு 20க்கு எறங்கி ஊர்ந்துதான் போகும். சரி பண்ண வைக்கத்தான் அப்படி வச்சிருக்காங்க. லோடோட புதுக்கோட்டை ரோட்ல நின்னப்ப டிரைவர் அண்ணன் போன் பண்ணாரு. வெளியூர்ல இருந்து ஒருத்தர் வந்தாரு, "கிட் ஒண்ணு மாட்டிர்றேன் சார், லைட்டும் வராது, யூரியாவும் ஊத்த வேணாம், பவரும் கட் ஆகாது"ன்னாரு. சின்ன டப்பா, தீப்பெட்டி ரெண்டு சேத்தா என்ன சைஸோ அது. யூரியா போகுது, சென்சார் எல்லாம் நல்லாருக்குன்னு வண்டி கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்றதுதான் அதோட வேலையே.

அப்பா யோசிச்சாரு. யோசிக்கத்தான செய்வாரு, லோடு நிக்குது, ட்யூ தேதி வருது. "புகை டெஸ்ட்ல பாஸ் ஆயிருமேம்மா, அப்புறம் என்ன?"ன்னு கேட்டாரு. அந்தக் கேள்விக்கு டெஸ்ட்ட வச்சு என்கிட்ட பதில் இல்ல, ஏன்னா பாஸ் ஆயிரும், அது உண்மை. எஃப்சிக்குப் போனாலும் பிரேக் இன்ஸ்பெக்டர் கண்ணுல அந்த டப்பா பட்டாத்தான் உண்டு. நான் சொன்னது இதுதான்: "அப்பா, ஆச்சி சொவத்துல ஒட்டுனதாவது துணில வந்துச்சு. இது துணில வராதுப்பா." அப்பா அந்தாள அனுப்பி வச்சுட்டாரு.

அப்புறம் ஸ்கேனர் போட்டுப் பாத்தோம். யூரியா தரம் சரியில்லன்னு கோளாறு நம்பர் (கோடு) காட்டுச்சு, நாக்ஸ் சென்சாரும் போச்சு. யூரியா டேங்க்ல இருந்து கொஞ்சம் எடுத்து மெக்கானிக் அண்ணன் கரைசல்ல யூரியா எவ்ளோன்னு காட்டுற ரிஃப்ராக்டோமீட்டர்ல ஒரு சொட்டு விட்டாரு, 32.5 சதவீதம் இருக்கணும், 26 காட்டுது. கண்ணாடி டம்ளர்ல ஊத்தி வெயில்ல காமிச்சாரு, மேல லேசா எண்ணெப் படலம் மாதிரி மினுங்குது, மோந்து பாத்தா வேப்பெண்ணெ வாசன! எங்கயோ ரோட்டோரம் லேபிள் இல்லாத கேன்ல கொறைஞ்ச வெலைக்கு வாங்குனது. வயலுக்குப் போடுற யூரியா மூட்டையத் தண்ணில கரச்சு வித்துருக்காங்க. மானிய யூரியா எல்லாத்துக்கும் 2015ல இருந்து வேப்பெண்ணெ பூசித்தான் வருது, அந்த எண்ணெயும் அதுல இருக்குற அழுக்கும் கேட்டலிஸ்ட்டுக்கு ஆகாது. தெளிக்கிற நாசில் வாயில வெள்ளையா உப்புப் பூத்த மாதிரி கட்டி கட்டியா ஒறஞ்சு கெடந்துச்சு. விவசாயிக்கு அரசாங்கம் மானியம் குடுக்குற மூட்டை, அது இல்லாம அவன் சொசைட்டி வாசல்ல வரிசைல நிக்கிறான், இங்க லாரி டேங்க்ல கெடக்கு. அது எனக்குத் தாங்கவே முடியல.

டேங்க் கழுவி, நாசில் க்ளீன் பண்ணி, சென்சார் மாத்தி, செலவு நல்லா இழுத்துருச்சு, மறைக்கல. ஆனா யூரியா செலவுன்னு எல்லாரும் பயப்படுறமே, கணக்குப் போடுங்க, நூறு லிட்டர் டீசலுக்கு அஞ்சு லிட்டர் பக்கந்தான் ஆகுது. இன்னொண்ணு, நல்ல யூரியாவே வாங்குனாலும் வெயில்ல போடாதீங்க. 30 டிகிரில ஒரு வருஷம் தாங்குறது 35 டிகிரில ஆறு மாசந்தான் தாங்கும், நம்ம தகரக் கொட்டகைக்குள்ள சித்திரைல என்ன சூடு இருக்கும்னு சொல்ல வேண்டியதில்ல. நாங்க இப்ப அப்பத்தா நெல்லு போட்டு வச்சிருந்த உள்ரூம்ல வைக்கிறோம், அங்க தரை எப்பவும் குளுகுளுன்னு இருக்கும். அப்புறம் கிரஷர்ல லோடுக்கு ரெண்டு மணி நேரம் நிக்கும்போது இன்ஜின ஓட விட்டே வைக்காதீங்க. டிபிஎஃப்ல சேந்த கரி எரியணும்னா 600 டிகிரி பக்கம் சூடு வேணும், ஐட்ல்ல அந்தச் சூடு வரவே வராது, கரி சேந்துக்கிட்டே போய் அடைச்சுக்கும்.

இடையில ஒண்ணு சொல்லணும். இந்த நாக்ஸ் சென்சார் உள்ள இருக்குறது ஒரு சின்ன மின்வேதியியல் செல்லு, சிர்கோனியால செஞ்சது. மின்வேதியியல்னா நம்ம ஊர் சிக்ரி, அதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், ஞாபகம் வராம இருக்குமா. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நெலமும் 15 லட்சம் ரூபாயும் குடுத்து, 1948ல நேரு வந்து அடிக்கல் நாட்டி, 1953ல தெறந்த எடம். அந்தத் துறைய வச்சு செஞ்ச ஒரு சாமானத்த, அதே ஊர் ரோட்ல ஒரு டப்பாவ மாட்டி ஏமாத்துறோம்னு நெனைக்கும்போது மனசு வலிக்குது.

டெஸ்ட்ல மட்டும் நல்ல புள்ளையா இருக்குறது நம்ம ஊர்ல ஆரம்பிச்ச பழக்கம் இல்ல. அமெரிக்கால 1998ல பெரிய லாரி இன்ஜின் கம்பெனி ஏழு பேர் மாட்டுனாங்க, டெஸ்ட் பெஞ்ச்ல ஒழுங்கா இருக்கும், ஹைவேல ஒரே சீரா ஓட ஆரம்பிச்சா கம்ப்யூட்டர் வேற மாதிரி மாறி டீசல மிச்சம் புடிச்சு நாக்ஸக் கூட்டிரும். அதுக்கப்புறந்தான் ஓடுற வண்டிலயே மெஷின மாட்டி ரோட்ல அளக்கணும்ங்குறது வலுவாச்சு. நம்ம நாட்லயும் 2023 ஏப்ரல்ல இருந்து புது வண்டி மாடலுக்கு அந்த ரோடு டெஸ்ட் வந்துருச்சு. ஆனா அதெல்லாம் கம்பெனிக்காரங்களுக்கு. வித்ததுக்கு அப்புறம் நம்மகிட்ட பத்து வருஷம் ஓடுற வண்டிய யாரு பாக்குறா? கலிஃபோர்னியால 14,000 பவுண்டுக்கு மேல, நம்ம கணக்குல 6,350 கிலோ, இருக்குற டீசல் வண்டிங்க பெரும்பாலும் இப்ப வருஷத்துக்கு ரெண்டு தடவ டெஸ்ட் காட்டணும். பழசுன்னா புகை டெஸ்ட், புது இன்ஜின்னா வண்டி கம்ப்யூட்டர்ல ஸ்கேனர் சொருகி உள்ள என்ன கோடு இருக்குன்னு படிக்கிறாங்க. நம்ம பிஎஸ்-6 லாரிலயும் அதே மாதிரி சாக்கெட் இருக்கு. எஃப்சி அன்னைக்கு பத்து நிமிஷம் சொருகிப் பாத்தா போதும், யூரியா சிஸ்டம் ஒழுங்கா வேலை செய்யுதா, கோட அழிச்சுட்டு வந்துருக்காங்களான்னு ஓரளவு தெரிஞ்சுரும். எல்லா கிட்டும் மாட்டும்னு சொல்ல முடியாது, பொய் சொல்லத்தான அத செஞ்சிருக்காங்க, ஆனா இப்ப இருக்குற மாதிரி ஒண்ணுமே பாக்காம விடுறதுக்கு இது எவ்ளவோ மேல்.

சட்டம்னு பாத்தா, புகை சர்டிபிகேட் இல்லாம ஓட்டுனா 10,000 ரூபா வரைக்கும் ஃபைன், பிஎஸ்-3 வரைக்கும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா, பிஎஸ்-4, பிஎஸ்-6க்கு வருஷம் ஒருக்கா எடுக்கணும். இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

நான் இப்ப ஒரு நாப்பது பக்க நோட்டு போட்ருக்கேன். வண்டி நம்பர், தேதி, கிலோமீட்டர், கே வேல்யூ, அந்த மாச மைலேஜ், யூரியா எத்தன லிட்டர், ஸ்கேனர்ல கோடு ஏதும் இருந்துச்சான்னு. பழைய டிப்பருக்கு சட்டப்படி ஆறு மாசம்னாலும் நான் மூணு மாசத்துக்கு ஒருக்கா கொண்டு போறேன், கிரஷர் தூசிக்கு ஃபில்டர் அதுக்கு மேல தாங்காது. கடைசியா எடுத்தப்ப 1.61 காட்டுச்சு, 1.38ல இருந்து ஏறியிருக்கு, அன்னைக்கே ஃபில்டரக் கழட்டி ஊதிட்டோம். அந்தச் சென்டர் தம்பியும் இப்ப எங்க வண்டி வந்தா கேக்காமலே ப்ரோப்ப முழுசா உள்ள விட்டுர்றான்.

காலைல வண்டிய இப்ப வீட்டு முன்னாடி ஸ்டார்ட் பண்றதில்ல, வண்டி நிறுத்துற ஷெட்ட கழனிவாசல் பக்கம் மாத்திட்டோம். ஆச்சி பொங்கலுக்கு சொவத்தக் கழுவ ஆள் விட்டாங்க, நானும் போய் ஒரு வாளி தண்ணி தூக்குனேன். பாதி போச்சு, பூச்சுக்குள்ள எறங்குன கரி போகல. வர்ற மாசி பொறந்ததும் பழைய டிப்பருக்கு அடுத்த டெஸ்ட், நோட்டுல தேதி எழுதி வச்சிருக்கேன்.